பிணமறுத்த கை

மருத்துவத் திறன் வளர்ந்த கதையை மருத்துவர்களின் வெற்றிக் கதையாடலாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதை வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவ வார்டிலிருந்து வாசித்துப் பார்க்கிறேன்.

அங்கே இரண்டு பிரிவுகள். 1840க்குப் பின் முதலாவதில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். 1846இல் முதலாவதில் நூற்றுக்கு 11 தாய்மார் செத்தார்கள். இரண்டாவதில் 3க்கும் குறைவு. ஏழைப் பெண்களுக்கு இது தெரியும். முதல் பிரிவு வேண்டாமென்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். சிலர் தெருவிலேயே பெத்துக்கிட்டு வந்தார்கள். நிபுணர்களோ காற்றையும் பெண்களின் பயத்தையும் காரணமாகச் சொல்லிக்கிட்டிருந்தார்கள்.

பிணத்தைத் திறந்து பார்த்ததில்தான் நவீன மருத்துவப் பார்வை பிறந்தது என்பார் ஃபூக்கோ. வியன்னாவின் பெருமையும் அதுதான். காலையில் பிணமறுத்த மாணவர்கள் அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. பிரேதப் பரிசோதனையில் கத்தி கீறி ஒரு பேராசிரியர் 1847இல் இறந்தபோது, அவர் உடம்பிலும் அதே நோய்க்குறிகளைக் கண்டார் செம்மெல்வைஸ். மே மாதம் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதத்துக்கு இறங்கியது.

ஆனா, இதை ஏற்றால் கொன்றது தங்கள் கைதான் என்றும் ஏற்க வேண்டுமே! பலர் மறுத்தார்கள். 1849இல் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. 1865இல் மனநல விடுதியில் செத்தார்.

இன்று மருத்துவமனைகளில் சாவுகளைத் தணிக்கை செய்கிறார்கள். நல்லதுதான். அந்த மேசையில் வார்டுப் பெண்களின் பேச்சு சாட்சியமாக எடுபடுமா, இல்லே, பயம் என்றே பதிவாகுமா?