ஈயம் வார்த்த எழுத்து

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை நிற்கிறது. 1741ஆம் ஆண்டு குளச்சற் போரில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் சிறைப்பட்ட டச்சுக்காரரான டிலனாய், பின்னர் அம்மன்னருக்கே படைத்தலைவராகி, பீரங்கியும் குண்டும் வார்க்கும் உலைக்கூடத்தை அக்கோட்டைக்குள் நடத்தினார். நம் குடும்பங்கள் விடுமுறை நாள்களில் சென்று அவர் கல்லறையைக் கண்டு வருவதுண்டு. குண்டு வார்த்த கதையை நாம் அறிவோம். ஆனால் குளச்சற் போருக்கு 163 ஆண்டுகள் முன்னரே, இந்நகருக்கு வடக்கேயுள்ள கொல்லத்தில் மற்றோர் அச்சில் உருகிய உலோகம் ஊற்றப்பட்டதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அவ்வச்சிலிருந்து வெளிவந்தது தமிழ் எழுத்து.

அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் வழங்கிய போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள்! இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்களுள் இன்று நம் கண்ணுக்குக் கிட்டுவனவற்றில் மூத்தது அதுவே. அதற்கு முந்திய ஆண்டு கோவாவில் ஜோவான் கொன்சால்வஸ் தமிழ் எழுத்துகளை வார்த்திருந்தார். அவை மனநிறைவு தராமையால் ஜோவான் தெ பரியா என்பார் கொல்லத்தில் புதிதாக வார்த்தார். இருவகை எழுத்துகளின் மாதிரியும் அந்நூலின் இறுதியிலேயே இடம்பெற்றுள்ளன.

எழுத்து வார்ப்பது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். பழைய நாளில் துப்பாக்கி ஏந்தியவன் தன் அடுப்பங்கரையிலேயே ஈயக்குண்டு வார்த்துக்கொண்டான். இரு பாதிகளாகப் பிரியும் அச்சை இறுகப் பிடித்து, வாய்வழியே ஈயத்தை ஊற்றி, இறுகியபின் பிரித்து, காம்பை நறுக்கி எடுப்பான். எழுத்து வார்ப்பவன் செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஆயினும் அவனுக்கு முன்வேலை மிகுதி. எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அறைந்து பள்ளமாக்க வேண்டும். இப்பள்ளமே தாய்அச்சு. அதைக் கைவார்ப்புக் கருவியின் அடியில் பொருத்தி, ஈயத்துடன் வெள்ளீயமும் அஞ்சனக்கல்லின் உலோகமான ஆண்டிமனியும் சேர்ந்த கலவையை ஊற்றுவர். தனி ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் நசுங்கும். ஆண்டிமனி அதற்குக் கடினம் தருவதோடு, குளிரும்போது நேரும் சுருக்கத்தையும் குறைக்கிறது. ஈயம் உருக 327 பாகை வெப்பம் போதும். செம்பு உருக ஆயிரத்துக்கும் மேல் வேண்டும். ஆகவேதான் தாய்அச்சு பிழைக்கிறது.

பிழைத்தாலும் அதைப் பேணுதல் பெரும்பாடு. குளிர்ந்த கருவியில் ஊற்றினால் மூலைகளை எட்டுமுன்பே உலோகம் உறைந்துவிடும். ஆதலால் முதலில் வரும் சில வார்ப்புகள் மீண்டும் உலைக்கே செல்லும். பொருந்தும் முகங்களில் மயிரிழைக் கசடு ஒட்டினும் எழுத்தின் பருமன் மாறி, வரி கோணலாகும். இடவப்பாதி மழை ஓயாது பெய்யும் இந்நாட்டில் இரும்புக் கருவியைத் துருவினின்று காப்பது எளிதன்று என்பதைச் சமையலறைக் கத்தி வைத்திருப்போரும் அறிவர்.

கொல்லத்துக்குப் பின் 1579இல் கொச்சியில் ஒரு நூலும், 1586இல் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலும் அச்சாயின. ஆனால் 1679இல் அம்பழக்காட்டில் புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை அச்சிட்டபோது, இஞ்ஞாசி என்னும் தொழிலாளர் எழுத்துகளை மரத்தில் செதுக்க நேர்ந்தது. நூறாண்டு இடைவெளியில் அறுபட்டது உலோகம் அன்று, கைத்தொழிலின் தொடர்ச்சியே என்பது நம் கருத்து. தரங்கம்பாடியிலோ 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துகள் உருவிற் பெரியனவாக இருந்து தாளை விழுங்கின. சிறிய எழுத்துகளை அங்கேயே வார்க்க, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளையும் உருக்கினார்களாம். 1715இல் புதிய ஏற்பாடு அச்சேறிய வரலாற்றில் பாலாடைக்கட்டிக்கும் பங்குண்டு!

1812 மார்ச்சில் வங்காளத்துச் செராம்பூர் அச்சகம் தீக்கிரையானது. பல மொழி எழுத்துகள் உருகிக் கட்டியாயின. எனினும் இடிபாடுகளுள் எஃகு முத்திரைகள் கெடாமல் கிடைத்தமையால், உருகிய அதே உலோகத்தைக் கொண்டு உடனே வார்ப்புத் தொடங்கிற்று.

நம் அண்டை நகரான கோட்டயத்தில் 1821இல் அச்சகம் நிறுவிய பெஞ்சமின் பெய்லி, சென்னையிலிருந்து வந்த மலையாள எழுத்துகள் பிடிக்காமல், ஒரு தச்சரையும் இரு வெள்ளித்தட்டார்களையும் கொண்டு தாமே எழுத்துச் செய்வித்தார். 1829இல் மலையாளப் புதிய ஏற்பாடு அவ்வாறு வெளிவந்தது. பெய்லியின் பெயர் எங்கும் ஒலிக்கிறது. உளி பிடித்த மூவரையும் நூல்கள் தொழிற்பெயரோடு நிறுத்திவிடுகின்றன. இது நமக்கு நெருடுகிறது.

வடிவங்கள் பெருகினால் தாய்அச்சுகளும் பெருகும். கேரளத்தில் 1971இலும் தமிழ்நாட்டில் 1978இலும் வந்த எழுத்துச் சீர்திருத்தங்கள் இச்சுமையைக் குறைத்தன. தும்பிக்கை வளைந்த பழைய ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு அதன்பின் தனி அச்சு வேண்டாதாயிற்று. பின்னர் ஆப்செட் முறை வந்தது. கம்போசிட்டரின் கேஸ்களில் கிடந்த எழுத்துகள் அச்சகம் அச்சகமாக எடைக்கு விற்கப்பட்டு, மீண்டும் வெறும் ஈயமாயின.