பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல்

போன மழைக்காலத்தில் மங்கலம்பேட்டை வீட்டில் உட்கார்ந்து ஒரு நூலகத்தின் பட்டியல் தரவைச் சரிசெய்து கொண்டிருந்தேன். ஒவ்வொரு பதிவிலும் பெயர்கள் இருந்தன. அந்த ஆள் புத்தகத்துக்கு என்ன செய்தார் என்கிற விவரம் மட்டும் இல்லை. 'இதுக்கென்ன, பத்து வரி ஸ்கிரிப்ட் போதுமே' என்று நினைத்தேன். முதல் பெயர் நூலாசிரியர், மற்றவர்கள் பதிப்பாசிரியர். ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன்.

காலையில் பார்த்தால் நச்சினார்க்கினியர் பதிப்பாசிரியர் ஆகியிருந்தார்.

1887இல் அச்சான சீவக சிந்தாமணியில் மூன்று பேர் இருக்கிறார்கள். பாடியவர் திருத்தக்கதேவர். உரை எழுதியவர் நச்சினார்க்கினியர். ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு அச்சுக்குக் கொண்டுவந்தவர் உ.வே.சாமிநாதையர். இடையில் பல நூற்றாண்டுகள். என் ஸ்கிரிப்டுக்கோ மூவரும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர்கள்.

சரி, ஆளுக்கு ஒரு பொறுப்பு என்று எழுதிவைத்துவிடலாம் என்று அடுத்த யோசனை. ஆறுமுக நாவலர் அதையும் உடைத்தார். 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அதே நாவலர்தான். பாலபாடத்துக்கு அவர் நூலாசிரியர். நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய உரையாசிரியர். திருக்குறள் பரிமேலழகர் உரைக்குப் பதிப்பாசிரியர். அப்போதுதான் புரிந்தது: பொறுப்பு ஆளோடு ஒட்டியது இல்லை, ஆளுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இருப்பது.

இந்த விவரம் ஏன் விடுபட்டது? 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் அவ்ரம் உருவாக்கிய 'மார்க்' வடிவத்தில் இதற்கு இடம் உண்டு. உரையாசிரியருக்கென்றே 'சிடபிள்யூடி' என்று மூன்றெழுத்துக் குறி இருக்கிறது. ஆனால் 1978இல் வந்த பட்டியலாக்க விதிகள் பொறுப்புச் சொல்லை விருப்பத்துக்கு விட்டன. அந்த நூலகமும் பெரும்பாலும் அதைச் சேர்க்கவில்லை. முகப்புப் பக்க வாசகம்தான் கார்டில் அப்படியே இருக்கிறதே, படிப்பவருக்குப் புரியாதா? புரியும். கணினிக்குத்தான் புரியாது. 2013இல் அங்கே ஆர்டிஏ என்னும் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபோது இந்தச் சொற்கள் திரும்பி வந்தன.

நம் பக்கத்து ஆள் ஒருவர் இதை முன்பே யோசித்திருந்தார். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டினால் சீர்காழி. அங்கே 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1934இல் வெளியிட்ட தன் பட்டியலாக்க விதிநூலில் நூலாசிரியர் வேறு, உரை, பதிப்பு, மொழிபெயர்ப்பு என்று துணைநின்றவர் வேறு என்று பிரித்தார்.

அவருக்கும் வெகுகாலம் முன்பே நம்மிடம் இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. தொகுப்பித்தவர் பெயர் தெரியாது. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன்வழுதி. தொகுத்தவர் பெயர் தெரியாது. பெயர் தொலைந்த பிறகும் 'இப்படி ஒரு வேலையை யாரோ செய்தார்' என்று இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள். என் தரவில் நேர்மாறு. பெயர் இருந்தது, வேலை தொலைந்துபோயிருந்தது.

ஸ்கிரிப்ட் போட்டதையெல்லாம் அழித்துவிட்டு, ஒவ்வொரு முகப்புப் பக்கமாகத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். 'இயற்றிய' என்றால் நூலாசிரியர், சுலபம். 'பரிசோதித்து' என்று வந்தால் நிதானிக்கணும். எங்கள் ஆபீஸ் டெஸ்டர் செய்கிற வேலை இல்லை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுத் தமிழில், பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடத்தைத் திருத்தி நிறுவுவது. பூச்சி அரித்த ஓலைகளோடு ஒருவர் செலவழித்த வருஷங்கள் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. அதைப் 'பதிப்பாசிரியர்' என்று பதிவு செய்யாவிட்டால், பழந்தமிழ் நூல்களை யார் பதிப்பித்தார்கள் என்று நாளை தேடுகிற மாணவிக்கு அவர் கிடைக்கவே மாட்டார்.

ஒரு நாளைக்கு நாற்பது பதிவுதான் முடிகிறது. பரவாயில்லை. நச்சினார்க்கினியரை மறுபடி உரையாசிரியர் ஆக்கியாயிற்று.