அஞ்சிய நாயும் அருகிருந்த மனிதரும்

நாயை நன்றியின் வடிவமாகப் பேசுவது நம் வழக்கம். சோறிட்ட கையை அது மறவாது என்போம். ஆகவே, தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ மீட்டுக் கொணர்ந்த நாய் ஒன்று, இட்ட சோற்றைத் தீண்டாமல், கட்டிலின் அடியில் ஒடுங்கிக் கிடந்து, கை நீட்டினால் நடுங்குமாயின், நமக்கு மனத்தாங்கல் உண்டாகிறது. 'இத்தனை செய்தும் இதற்கு நன்றியில்லையே' என்று நொந்து அதனைத் திருப்பி அனுப்பிவிடுவாரும் உளர். அது நன்றியின்மை அன்று, அச்சம். இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிவதற்கு மனிதருக்கு நெடுங்காலம் ஆயிற்று. அந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இரக்கம் முதலில் தோன்றியது. அறிவு பின்னரே வந்தது. 1860-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் ஹாலோவே பகுதியில் மேரி டீல்பி என்னும் அம்மையார், வழி தவறியும் பட்டினியால் வாடியும் திரிந்த நாய்களுக்கென ஓர் இல்லம் அமைத்தார். ஏழைகள் நிறைந்த நகரில் நாய்க்கு விடுதியா என்று எள்ளி நகைத்தோர் உண்டு. 1862-இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய இதழில் அவ்வில்லத்தைப் பரிவோடு போற்றும் கட்டுரை வெளிவந்தது. அம்மையார் 1865-இல் மறைந்தார்; இல்லமோ 1871-இல் பாட்டர்ஸி என்னும் இடத்திற்குப் பெயர்ந்து இன்றளவும் நிலைபெற்றிருக்கிறது. உணவும் உறையுளும் கிடைத்தன. ஆனால் உள்ளத்தில் உறைந்த அச்சத்திற்கு மருந்து யாது என்னும் வினாவிற்கு விடை காணும் காலம் அப்போது வரவில்லை.

அவ்விடைக்கு முதல் ஒளி, எவரும் எதிர்பாராத வகையில், ஒரு வெள்ளத்திலிருந்து கிடைத்தது. 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் ருஷ்ய நாட்டின் லெனின்கிராட் நகரில் நேவா ஆறு கடல்போற் பொங்கிற்று. இன்று மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என வழங்கும் நகரம் அது. 1904-இல் நோபல் பரிசு பெற்ற அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வு நாய்கள் அங்கேதான் கொட்டில்களில் இருந்தன. புயலும் பெருநீரும் சூழ, அவற்றை நீந்தச் செய்து ஆய்வுக்கூடத்தின் பெருங்கட்டிடத்திற்குக் கொண்டு சேர்த்தனர். உயிர்கள் தப்பின.

சில நாட்கள் கழிந்து சோதனைகள் மீண்டும் தொடங்கியபோதுதான் விந்தை புலப்பட்டது. ஸ்பெரான்ஸ்கி என்னும் ஆய்வாளரிடம் நன்கு பழகியிருந்த ஒரு நாய், அறையில் நிறுத்தியவுடன் நிலைகொள்ளாமல் தவித்தது. குறிப்பு ஒலி கேட்டதும் வாயூறும் பழக்கம் அறவே மறைந்துவிட்டது. உணவை முன்னே வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது நன்றி கெட்டுப் போயிற்று என்று எவரேனும் சொல்வரோ?

ஆய்வாளர் ஒரு மாற்றம் செய்தார். வழக்கமாக நாய் தனியே நிற்க, அவர் வெளியிலிருந்து நோக்குவார். இப்போது அறைக்குள்ளேயே அதன் அருகில் இருந்தார். பழகிய மனிதர் பக்கத்தில் இருந்தமையால் நாய் உணவு கொள்ளத் தொடங்கிற்று. மறைந்த பழக்கங்களும் திரும்பின. அவர் வெளியே சென்றால் பழைய நிலை மீண்டது. அவருடைய ஆடையை அறையில் விட்டு வைத்தபோதும், அதன் மணமே ஓரளவு துணையாக நின்றதாம்! நாளடைவில் நாய் தேறியது. பின்னர் ஒருநாள், கதவின் அடியில் சிறிது நீர் கசிந்து உள்ளே வரும்படி செய்தனர். அவ்வளவே, நாய் துள்ளி எழுந்து மூச்சிரைக்கத் தவித்தது, தேறிய பழக்கங்கள் மறுபடியும் மறைந்தன.

இச்சிறு நிகழ்ச்சியில் மூன்று உண்மைகள் அடங்கியுள்ளன. ஒரே வெள்ளத்தைக் கண்ட நாய்கள் யாவும் ஒரே அளவில் நலியவில்லை. இயல்பு ஒவ்வொன்றிற்கும் வேறு. அச்சத்தை ஆற்றுவது கட்டளை அன்று, வற்புறுத்தாத துணையே. ஆறிய புண்ணின் கீழும் வடு உண்டு. அதனைச் சிறு துளி நீரும் தீண்டிவிடும்.

அதே 1924-இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனைத் தேற்றிய வரலாற்றை வெளியிட்டார். சிறுவன் விரும்பியதை உண்ணும் வேளையில், கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்து, அவன் பொறுக்கும் அளவிற்குச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். ஈற்றில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். அஞ்சும் நாயைப் பழக்குவோர் பின்பற்றும் முறையும் இதுவே.

1961-இல் அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தினர் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். மனித முகமே காணாமல் பதினான்கு வாரம் வளர்ந்த குட்டிகள், பின்னர் மனிதரைக் காட்டு விலங்கைப்போல் அஞ்சின. ஆயினும் அவற்றை எவரும் அடித்ததில்லை. நடுங்கும் நாயெல்லாம் அடிபட்ட நாய் என்று கருதுவது பிழை. மனிதரை அறியாமையும் அச்சத்தின் வேராகலாம்.

இவ்வறிவின் பயன் 2007-இல் விளங்கிற்று. வர்ஜீனியா மாநிலத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் நிலத்திலிருந்து, சண்டைக்கென வளர்த்த நாய்கள் மீட்கப்பட்டன. இத்தகையவற்றைக் கொன்றுவிடுவதே அதுவரை பெருவழக்கு. இம்முறை ஒவ்வொரு நாயையும் தனித்தனியே ஆராய்ந்தனர். அவற்றுள் பல வெறி கொண்டவை அல்ல, அஞ்சி ஒடுங்கியவை என்று தெரிந்தது. இருபத்திரண்டு நாய்கள் யூட்டா மாநிலக் காப்பகம் ஒன்றிற்குச் சென்றன. பொறுமையோடு பழக்கியபின் அவற்றுள் பல குடும்பங்களில் வாழ்ந்தன.

எனவே, அஞ்சும் நாய் ஒன்று நம் இல்லம் புகுந்தால், வரலாறு நமக்கு உரைப்பது தெளிவு. ஒதுங்குவதற்கு அதற்கென ஒரு மூலையைக் கொடுத்து, அங்கிருந்து இழுத்து வெளியேற்றாமல் இருத்தல் வேண்டும். உற்று நோக்காமலும் மேலே குனியாமலும் சற்றுத் தொலைவில் அமைதியாக அமர்ந்திருப்பது நலம். குறித்த வேளையில் உணவை வைத்து விலகலாம். வீட்டார் அனைவரும் ஒருங்கே சூழ்ந்துகொள்ளலாகாது. அது நெருங்கும் ஓரடியை நாம் இரண்டடியாக்க முயல்வது தவறு. தேறிய பின்னும் ஒரு நாள் வெடிச் சத்தத்தால் அது மீண்டும் ஒடுங்கினால், உழைப்பு வீணாயிற்றென்று மனம் தளர வேண்டா. கதவின் கீழே கசிந்த நீர் அது. முன்பு தேறிய வழியிலேயே நாம் மறுபடியும் அருகிருந்து அதனை நடத்திச் செல்லலாம்.