கடல் திருப்பித் தந்த இரும்பு

பல்லாண்டு காலம் மாஜியோரே ஏரியின் அடியில் கிடந்த பிரெஞ்சு நாட்டுப் புகாட்டி கார் ஒன்றை 2009-இல் கரையேற்றி உலகம் அதிசயித்தது. நம் பாம்பன் ஜலசந்தியோ, அதனினும் பன்மடங்கு பெரிய இரும்பை விழுங்கித் திருப்பியும் தந்திருக்கிறது.

அந்த ஜலசந்தியின் மேல் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ரயில் பாலத்தின் நடுவே, ஷெர்சர் என்ற அமெரிக்கரின் பெயர் தாங்கிய தூக்குப் பகுதி, தொழிலாளர்கள் நெம்புகோல்களைத் தள்ளித் தள்ளிப் பல்சக்கரங்களைச் சுழற்ற, கூப்பிய கரங்கள் பிரிவதுபோல இரண்டாக மேலெழுந்து கப்பலுக்கு வழிவிட்டு வந்தது. உப்புக்காற்றில் துருவேறும் அந்த இரும்பைச் சுரண்டிச் சாயம் பூசுவதே ஓயாத கைங்கரியமாக இருந்தது.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை நிர்மூலமாக்கி, பிரயாணிகளோடு ரயிலையும் வாரிச் சென்ற புயல், 126 கர்டர்களைக் கடலில் தள்ளியபோதும், தூக்குப் பகுதி அசையாது நின்றது. இயந்திரத்துக்கும் வைராக்கியம் உண்டு போலும்! ஆறு மாத அவகாசம் குறிக்கப்பட்டிருந்த புனருத்தாரணப் பணியை ஏற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், புதிய கர்டர்களுக்காகக் காத்திராமல், கடலடியில் கிடந்த பழையவற்றையே மேலெடுத்துத் தூண்களில் ஏற்றி, 46 நாட்களில் பாலத்தை உயிர்ப்பித்தார்.

2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓட்டம் நின்றது; 2025 ஏப்ரலில் அருகே புதுப்பாலம் திறந்தது. தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை மட்டும் இன்னமும் மணலோடு கிடக்கிறது.