மண்ணடுப்பும் உறைபனியும்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, நிலாவரைக் கிணற்றால் பெயர்பெற்ற புத்தூரிலே, தைப்பொங்கலன்று பொழுது புலருமுன் முற்றத்தில் அடுப்பு மூட்டுவது வழக்கம். சாணத்தால் மெழுகிக் கோலமிட்ட நிலத்தில், மண்ணைப் பிசைந்து செய்த மூன்று அடுப்புக் கட்டிகளை அமைத்து, அவற்றின் மீது புதுப்பானையை ஏற்றுவர். அப்போது அடிக்கும் குளிர் போர்வையைத் தேடச் செய்யுமேயன்றி நீரை உறையச் செய்யாது. ஆயின், 1983 ஆம் ஆண்டுக்குப் பின்னர் குடாநாட்டு மக்களிற் பல்லாயிரவர் கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறினர். அந்நாடுகளில் தை பிறப்பதோ கடுங்குளிர் காலத்தின் நடுவில். திறந்த வெளியிலே மண்ணடுப்பு அந்தக் குளிரைத் தாங்குமா? இவ்வினாவுக்கு மண்ணடுப்பின் வரலாறு கூறும் விடையை இன்று நோக்குவோம்.

மண்ணைக் குழைத்து நெருப்பை அதனுள் அடக்கும் கலை மிகப் பழையது. இராசத்தானத்திலுள்ள காலிபங்கனில் 1960 முதல் 1969 வரை நடைபெற்ற அகழாய்வில், சிந்துவெளி நாகரிகக் காலத்து மண்ணடுப்புகள் வெளிப்பட்டன. அவற்றுட் சில இன்றைய தந்தூரி அடுப்பை ஒத்திருந்தன. காசுமீரத்திலே டிசம்பர் 21 ஆந் திகதி தொடங்கும் நாற்பது நாட் கடுங்குளிரைச் 'சில்லைக் கலான்' என்பர். ஏரி நீரும் உறையும் அந்நாட்களிலும், 'காந்துர்' எனப்படும் ரொட்டி சுடுவோர் விடியுமுன் தம் மண்ணடுப்பை மூட்டி ஊருக்கு உணவளிக்கின்றனர். அவ்வடுப்பைச் சுற்றி அடைத்த மண், உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறாதவாறு காக்கின்றது.

கிழக்காசியாவிலும் இக்கலை வளர்ந்தது. கி.பி. 5 ஆம் நூற்றாண்டளவில் கொரியாவிலிருந்து யப்பானுக்குச் சென்ற அடுப்பு 'கமாடோ' எனப்பட்டது. அதன் வழிவந்த 'முஷிகமாடோ', குவிந்த மூடியுடன் கூடிய உருண்டையான மண்கலம். சோறு சமைப்பதற்கு உதவியது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் யப்பானில் இருந்த அமெரிக்கப் படைவீரர் அதனைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1974 இல் எட் பிசர் என்பார் அட்லாண்டா நகரில் அத்தகைய அடுப்புகளை விற்கத் தொடங்கினார். பழைய களிமண் அடுப்பு எளிதில் வெடித்தமையால், நாளடைவில் அதனினும் உறுதியான சுடுமண் கலவை கையாளப்பட்டது. முட்டை வடிவமும் பச்சை நிறமும் கொண்ட அவ்வடுப்பு இன்று குளிர்நாட்டு வீட்டு முற்றங்களிலும் காணப்படுகின்றது.

இவ்வடுப்பு குளிரை வெல்வது எவ்வாறு? தடித்த சுடுமண் சுவர் வெப்பத்தை உள்வாங்கி, மெல்ல மெல்லவே வெளியிடும். மெல்லிய இரும்பு அடுப்பில் மூட்டிய தீயின் சூட்டைக் காற்று கவர்ந்து செல்லும். மண்ணடுப்பிலோ சிறிதளவு கரியே நெடுநேரம் எரியும். அடியிலும் முடியிலும் உள்ள துளைகளைக் கூட்டியும் குறைத்தும் காற்றை அளந்து விட்டாற் போதும். வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கினும் உள்ளே சூடு நிலைத்து நிற்கும்.

குளிரைக் காட்டிலும் கொடிய பகை ஒன்று மண்ணடுப்புக்கு உண்டு. அஃது ஈரம். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். மண்ணின் நுண்துளைகளிற் புகுந்த நீர் அவ்வாறு பெருகினாற் சுவர் பிளக்கும். ஆகவே அடுப்பை உறையிட்டு மூடி, உலர்ந்ததாகக் காத்தல் வேண்டும். தீயையும் சிறிதாகவே தொடங்கி, படிப்படியாக வளர்த்தல் வேண்டும். உட்புறம் சடுதியாகச் சூடேறி விரிய, வெளிப்புறம் குளிர்ந்தே நின்றால் வெடிப்பு உண்டாகும். மூடியின் விளிம்பிலுள்ள பட்டை நனைந்து உறைந்து ஒட்டிக்கொண்டால் வலிந்து திறத்தல் ஆகாது. இவையெல்லாம் நம் குயவர் அறியாதன அல்ல. ஈரம் உலராத பாண்டத்தைச் சூளையில் அடுக்கக்கூடாது என்பதும், முதலில் இளஞ்சூடு காட்டிய பின்னரே பெருந்தீ மூட்ட வேண்டும் என்பதும் அவர்களது தொழிலின் அடிப்படை விதிகளாகும்.

அடுப்பின் பாதுகாப்பினும் பெரிது மனிதரின் பாதுகாப்பு. குளிருக்கு அஞ்சிக் கரி அடுப்பை வீட்டினுள்ளோ, வாகனக் கொட்டிலிலோ, அடைத்த மாடத்திலோ மூட்டுதல் கூடாது. எரியும் கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சசு மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கி மின்சாரம் தடைப்பட்டபோது, வீட்டினுட் கரி மூட்டியும் மின்பிறப்பாக்கிகளை இயக்கியும் இந்நச்சுக்கு ஆளானோர் பலர். புத்தூரின் திறந்த முற்றத்தில் புகை வானை நோக்கிச் சென்றது. அடைத்த அறையில் அதற்குப் போக்கிடம் இல்லை. முற்றத்தில் பொங்குதல் கதிரவனை வணங்குதற்கு அமைந்த வழக்கமாயினும், அதனுள் உயிர்காக்கும் ஒழுங்கும் அடங்கியிருக்கின்றது.

2016 இல் கனடிய நாடாளுமன்றம் சனவரி மாதத்தைத் தமிழ் மரபுரிமைத் திங்களாக ஏற்றது. உறைபனி மூடிய அத்திங்களிற் பொங்கலிடுவோர், அடுப்பு எந்நாட்டுப் பெயரைத் தாங்கி வரினும், உலர்ந்த மண், மெல்ல வளரும் தீ, திறந்த வெளி என்னும் மூன்றையும் கைக்கொள்வார்களாக.