மண்ணுக்கும் இனம் உண்டோ?

இரண்டு மண்கலங்களின் படங்களை அருகருகே அச்சிட்டு, இது ஓர் இனத்தின் படைப்பு, அது மற்றோர் இனத்தின் படைப்பு, இவற்றுள் எது அழகு என்று மக்களைக் கேட்டது ஓர் ஏடு. ஆண்டு 1935. நாடு இட்லரின் ஜெர்மனி. ‘டெர் ஆங்கிரிஃப்’ என்பது ஏட்டின் பெயர். தாக்குதல் என்பது பொருள். அதைத் தொடங்கியவன் கெப்பல்ஸ். இகழ்ச்சிக்கு இலக்கான கலத்தை ஆக்கியவர் மார்கரெட்டே ஹைமன் என்னும் யூதப் பெண்மணி.

மண்ணுக்குமா இனம்? சூளை நெருப்புக்குமா பிறப்பு? இந்தக் கேள்வியோடு அம்மையாரின் வரலாற்றைக் காண்போம்.

1899-ல் கொலோன் நகரில் பிறந்த அவர், 1920-ல் வைமாரின் ‘பௌஹவுஸ்’ பள்ளியில் சேர்ந்தார். கலைஞன் உயர்ந்தவன், கைவினைஞன் தாழ்ந்தவன் என்னும் மேட்டிமைச் சுவரை இடிப்போம் என முழங்கிய பள்ளி அது! 1919-ல் அதனை நிறுவிய வால்ட்டர் குரோப்பியஸ், ஆண் பெண் வேற்றுமை பாரோம் என்றார். நம்பி வந்தனர் நங்கையர். முதற்பருவத்தில் ஆடவர் 79 பேர். மகளிர் 84 பேர்! கண்டதும் கலங்கினர் ஆசிரியப் பெருமக்கள். மறு ஆண்டே மகளிர் சேர்க்கைக்குக் கட்டுப்பாடு. சேர்ந்தவர்க்கு நெசவுக் கூடம். மண்பாண்டப் பட்டறையில் இயன்றவரை பெண்களைச் சேர்ப்பதில்லை என்று குரோப்பியசும் பட்டறைத் தலைவர் கெர்ஹார்ட் மார்க்சும் முடிவு செய்தனர். (பொதுவுடைமை கண்ட மார்க்ஸ் அல்லர் இவர், பெயரின் ஒலிதான் அப்படி.) அதுவும் பெண்களின் நன்மைக்காகவாம்! பெண்ணுக்குத் தறி, ஆணுக்குத் திகிரி! குலத்துக்கொரு தொழில் என்னும் கொடுமையை அறிந்த நமக்கு இக்குரல் புதிதன்று.

ஹைமன் விடவில்லை. வாதாடி, டோர்ன்பர்க்கில் இருந்த அப்பட்டறைக்குள் நுழைந்தார். 1921-ல் பள்ளியை விட்டு வெளியேறினார். 1923-ல் கணவர் குஸ்தாவ் லோபன்ஸ்டைனோடும் அவர் உடன்பிறந்தாரோடும் சேர்ந்து, பெர்லினுக்கு அருகே மார்விட்ஸ் என்னும் ஊரில் ‘ஹெயெல்’ தொழிலகத்தை நிறுவினார். ஹைமன், லோபன்ஸ்டைன் என்னும் இரு பெயர்களின் முதலெழுத்துக்களே அந்தப் பெயர்.

கையால் ஒவ்வொன்றாக வனைந்தால் விலை ஏறும். கலம் மாளிகைக்கே போய்ச் சேரும். ஆலைக்காரரோ பழம்பாணிப் பூவேலைகளைப் படியெடுத்து மலிவாய்க் குவிப்பர். அம்மையார் இரண்டுக்கும் இடையே வழி வகுத்தார். வடிவம் அவருடையது. அதற்குப் பாரிஸ் சாந்தில் அச்சு எடுப்பர். களிமண் குழம்பை அதில் ஊற்றுவர். சாந்து நீரை உறிஞ்ச, மண் சுவரோரம் படிந்து இறுகும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டால் கலம் நிற்கும். ஒரே அச்சில் பல கலங்கள்! அவற்றின்மேல் வண்ண மெருகைத் தொழிலாளர் தூரிகை கொண்டு தீட்டினர். ஒவ்வொரு கலத்திலும் ஒரு கையின் தடம் இருந்தது. விலையோ அரண்மனை விலை அன்று. தேநீர்க் கலத்தின் காது வளையமாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்த வேதம் விதித்தது? இரண்டு வட்டத் தகடுகளையே கைப்பிடி ஆக்கினார் அவர். பிடிப்பதற்கு வசதிதானா என்றால் நமக்கும் ஐயமே. ஆனால் அந்தத் துணிவு இருக்கிறதே!

1928-ல் லைப்சிக் சந்தைக்குச் சென்ற வழியில், கணவரும் மைத்துனரும் மோட்டார் விபத்தில் மாண்டனர். இளங்கைம்பெண், கையில் சிறு குழந்தைகள். மூலையில் முடங்கினாரா? இல்லை! நூறு பேர் அளவில் உழைத்த தொழிலகத்தைத் தனியே நடத்தினார். இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கலங்கள் சென்றன.

1933-ல் நாஜிகள் ஆட்சி ஏறினர். தொழிலகம் மூடப்பட்டது. 1934-ல் மதிப்புக்கு மிகக் குறைந்த விலையில் கைமாறியது. புதிய உரிமையில் கலைப் பொறுப்பேற்றவர் ஹெட்விக் போல்ஹாகன். அவரும் பெண்ணே, திறமை மிக்கவரே. அவர் கலத்தைத்தான் ஹைமனின் கலத்துக்கு எதிரே நிறுத்திப் புகழ்ந்தது கெப்பல்ஸ் ஏடு. ஆனால் மார்விட்ஸில் நடந்தது என்ன? யூதப் பெண் வகுத்த வடிவங்கள் சில, அவர் பெயர் இல்லாமல் தொடர்ந்து வார்க்கப்பட்டன, விற்கப்பட்டன! வடிவம் வேண்டும், வகுத்தவள் வேண்டா!

1936-ல் அம்மையார் இங்கிலாந்துக்குத் தப்பினார். பீங்கான் நகரான ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில் மின்டன் ஆலையில் பணி செய்தார். 1938-ல் சொந்தப் பட்டறை தொடங்கினார். போர் வந்து அதையும் மூடிற்று. 1990-ல் லண்டனில் மறையும் வரை, மார்விட்ஸில் நடத்தியது போன்ற தொழிலகம் அவருக்கு மீண்டும் வாய்க்கவே இல்லை.