குருதிச் சோதனையில் கணக்கு

கரையான்சாவடியில் ஆய்வுக்கூடப் பெயர்ப்பலகைகளைக் காணுந்தோறும் எனக்கு 1947ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். பென்சில்வேனிய ஆய்வுக்கூடங்கள் ஒரே மாதிரிக்கு வெவ்வேறு விடை தந்தமையை பெல்க், சண்டர்மன் என்போர் வெளியிட்ட ஆண்டு அது. அளவீடு செவ்வனே அமைந்தாலும் கணக்குப் பிழைக்கலாம், நேயர்களே!

1972இல் ஃப்ரீட்வால்ட் குழுவினர் வகுத்த வாய்பாட்டைப் பாருங்கள். மில்லிகிராம் கணக்கில் மொத்தக் கொழுப்பு 200, நல்ல கொழுப்பு 40, டிரைகிளிசரைடு 150 எனின், அந்த 150ஐ ஐந்தால் வகுத்தே கழித்தல் வேண்டும். கெட்ட கொழுப்பு 130. வகுக்க மறந்தாலோ வெறும் 10! நெஞ்சுநோயாளி மருந்தின்றி வீடு திரும்பிவிடக்கூடும். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் வாய்பாடே செல்லாது.

கணிப்பொறி மென்பொருள் வகுக்க மறப்பதில்லை. செல்லாவிடத்து விடைதர மறுக்குமாறும் அதனை அமைக்கலாம். ஆனால் வாய்பாட்டையே பிழையாகப் பதித்துவிட்டால், ஒருவருக்கன்று, வருவோர் அனைவருக்கும் அப்பிழை போகும். ஆகவேதான் ஐ.எஸ்.ஓ. 15189 தரவிதி, பயன்படுத்துமுன் மென்பொருளைச் சரிபார்க்கச் சொல்கிறது. அதற்கு இன்றும் தாளும் பென்சிலும் உதவுகின்றன.